பாபின் நூல்

கணவனின் நீலக் கால்சட்டையை டெய்லரம்மா மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வருகிற துணியெல்லாம் பெரும்பாலும் பிரித்துவிடச் சொல்லித்தான் வரும். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த கோட்டு, பிள்ளை பெற்ற பிறகு ஏறாத சட்டை, "துவைச்சதுல சுருங்கிடுச்சும்மா" என்று வெட்கமில்லாமல் பழியைத் தண்ணீர்மேல் போடுகிறவர்களின் பேண்ட். தெருவே அகலமாகிக்கொண்டிருந்தபோது இந்த ஒரு கால்சட்டை மட்டும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே மடிந்த துணி தடித்துப்போய், ஊசி அதன்மேல் ஏறும்போது மெஷின் முனகியது. மிச்சத்தை வெட்டி எறிந்திருந்தால் சுத்தமாக விழுந்திருக்கும். வேறு யாருடையதாக இருந்தாலும் கேட்காமலே வெட்டியிருப்பாள். இதை வெட்டக் கை வரவில்லை. வெட்டினால், இனி இந்த மனிதர் இவ்வளவுதான் என்று தானே முடிவு கட்டியதாகிவிடும் என்று பயமாக இருந்தது.

அந்த மனிதர் ஜன்னலோரம் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கூரைகளுக்கு மேலே தெரிந்த டவர் கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலிப வயதிலிருந்து அதுமாதிரி கிரேன்களின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுத்தவர். கட்டட வேலைக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மேலிடம் என்பார்கள். "மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்", "மேலிடம் இன்னும் சாப்பிட இறங்கல, பொறு" என்று கீழே இருப்பவர்களுக்கு அது ஓயாத சிரிப்பு. அந்த மேலிடத்துக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, அது நிமோனியாவாகி, வாரக்கணக்கில் குழாயும் முகமூடியுமாகக் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். நுரையீரல் பிழைத்துவிட்டது. கால்தான் போய்விட்டது. யாரும் வெட்டி எடுக்கவில்லை, இருந்த இடத்திலேயே போய்விட்டது. தொடையில் சதை இருந்த இடத்தில் தோல் தொங்கியது. நாற்காலியின் கைகளை ஊன்றி எம்பி, தொப்பென்று விழுந்து, மறுபடி எம்பித்தான் அவரால் எழுந்து நிற்க முடிந்தது.

"கொக்கியை எப்படி ஆட்டுறான் பாரு," என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. அவருடைய இடத்தில் இப்போது வேறொருவன். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காமயே திருப்புறான்."

மேனேஜர் ஒரு நாள் பார்க்க வந்தார். நல்ல மனிதர், பழமெல்லாம் வாங்கி வந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரின் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பேச்சை டெய்லரம்மாவிடம் வைத்துக்கொண்டார். "அடுத்த கட்டடத்துக்குப் புது கிரேன் நிறுத்தப் போறோம்மா. அதுக்குள்ள ஒருதடவை ஏணி ஏறிக் காட்டணும், அது கம்பெனி விதி. முடியலன்னா கேட்ல உக்காரட்டும், வர்ற போற வண்டியைப் பாத்துக்கட்டும். வேலையை விட்டெல்லாம் அனுப்பிட மாட்டோம்." அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் போனபிறகு மேலிடம் பழப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மேலதானே இருக்கு. கீழ எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து அவள் கேட்டதே இல்லை. 

அவரை மீட்க இரண்டு பேர் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி அவருடைய அக்கா. மருந்துக்கடை கவுன்டரில் நின்றே காலம் கழித்தவள். ஓய்வு பெற்றபின் தனியாக இருந்தவள், தம்பிக்கு இப்படி என்று தெரிந்ததும் ஒரு பெட்டி நிறைய டப்பாக்களோடு வந்து இறங்கிவிட்டாள். புரதமாவு, மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் குளிகை, என்னவென்றே விளங்காத ஒரு பழுப்பு டானிக். சமையலறை அலமாரியில் உப்பும் சர்க்கரையும் ஒதுங்கி நின்று அவற்றுக்கு இடம் விட்டன. கனத்த உடம்பு. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, "அப்பாடி" என்று ஒரு சத்தம் கொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும். டெய்லரம்மா அவளை அண்ணி என்பாள். மற்றவர்களுக்கு, அவள் காதில் விழாதபோது, டப்பா அத்தை.

இன்னொருத்தி மகள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்காமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். வீட்டில்கூட அதை மறந்துபோய்ப் போட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அப்பாவை நாற்காலியில் உட்கார்ந்து எழவைப்பதும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கவைப்பதும், மணல் நிரப்பிய பையைக் காலில் கட்டி நீட்டவைப்பதும் அவள் பாடம். அத்தைக்கு இது கண்கொண்டு பார்க்க முடியாத கொடுமை.

"குடிச்சது உடம்புல ஒட்ட வேண்டாமா? ஒட்டணும்னா அசையாம படுக்கணும். மாவைக் குடிச்சிட்டுக் குதிச்சா அத்தனையும் வேர்வையில வெளிய போயிடும்டி."

"வயித்துல கூழ் மாதிரி கரைச்சு ஊத்திட்டு எக்சர்சைஸ் பண்ணா வாந்திதான் வரும் அத்தை. நான் பந்தயத்தன்னைக்குப் பசங்களுக்குத் தண்ணியைத் தவிர ஒண்ணும் தர மாட்டேன்."

"அவங்க பசங்கடி. இவன் என் தம்பி."

இந்த வழக்கு காலையில் எடுத்தால் மத்தியானம் வரை ஓடும். டெய்லரம்மாவுக்கு மெஷின் சத்தத்தையும் தாண்டித் தலை வெடித்தது. கடைசியில் அவளே பஞ்சாயத்து பண்ணினாள். ஒரு நாள் அண்ணிக்கு, மறுநாள் மகளுக்கு. அண்ணியின் நாளில் மாவும் மாத்திரையும் பாலும் முட்டையும், பிறகு போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கை. மகள் வாயைத் திறக்கக் கூடாது. மகளின் நாளில் பயிற்சி. வயிறு லேசாக இருக்க டீயும் ரெண்டு துண்டு ரொட்டியும். டப்பாவை யாரும் தொடக் கூடாது. இரண்டு பேருக்கும் இது பிடித்துப்போனது. எதிராளியின் கைவரிசை நம் நாளில் இல்லை என்பதே பெரிய வெற்றி அல்லவா. நோயாளி மட்டும் ஒருதரம் சொன்னார்: "ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இவ்வளவு ஒழுங்கா நாள் பிரிச்சிருக்க மாட்டான்." வீடு அமைதியானது. டெய்லரம்மா தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அந்த அமைதியில்தான் அவர் இன்னும் இளைத்தார். அண்ணியின் நாட்களில் கன்னம் கொஞ்சம் உப்பும்; வயிறு கொஞ்சம் மெத்தென்றாகும். மகளின் நாட்களில் அதுவும் வடிந்துவிடும். கால் நடுங்க நடுங்க எழுந்து உட்கார்ந்து, சாயங்காலம் வாடிய கீரையாகக் கிடப்பார். அண்ணி, "அவ வெச்சுப் பிழிஞ்சு எடுத்துடுறா" என்பாள். மகள், "அத்தை படுக்கப் போட்டே கெடுக்குறாங்க" என்பாள். ஒவ்வொருத்தியும் தன் நாளில் ஏறியதை மற்றவள் தன் நாளில் இறக்கிவிடுவதாக நம்பினாள். மூன்றாவது தடவை கால்சட்டையைப் பிடித்துத் தைத்து முடித்த மறுநாள், மூன்று பெண்களுமாக அவரை நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அண்ணி எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். மகள் விசிலோடு வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரி. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு அருமையாக இருக்கிறது என்றாள். பிறகு அவரைக் கையை ஊன்றாமல் எழச் சொன்னாள். அவர் முயன்றார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது; உடம்பு நாற்காலியை விட்டு அகலவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே பைக்குள் கைவிட்டு டப்பாக்களை மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"இந்த டானிக் வேண்டாம். இது என்னன்னு எனக்கே தெரியல. இந்த மாத்திரையும் வேண்டாம், இவருக்கு இதனால ஒண்ணும் ஆகப் போறதில்ல. வைட்டமின் டி ரத்தத்துல ரொம்பக் குறைச்சலா இருக்கு, அதனால அந்தக் குளிகை இருக்கட்டும். மாவு நல்லதுதான், சாப்பாடு இறங்காதவருக்கு வேணும்தான். கிட்னி நல்லா இருக்கு, தாராளமா குடிக்கலாம்."

அண்ணி மகளைப் பார்த்தாள்.

"பயிற்சி பண்றாரா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் டாக்டர். ஒழுங்கா பண்ணவெக்கிறேன்," என்றாள் மகள். "நல்லது, அப்படித்தான் பண்ணணும்," என்றாள் டாக்டர். மகள் அண்ணியைப் பார்த்தாள்.

"மாவு எப்போ குடுக்குறீங்க?"

"நடுவுல வர்ற நாள்ல," என்றாள் அண்ணி. "அவன் அசையாம படுத்திருக்குற அன்னைக்கு."

"பயிற்சி பண்ற அன்னைக்கு?"

"அன்னைக்கு டீயும் ரொட்டியும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இது யாரு சொன்னது?"

 டெய்லரம்மாவுக்குக் காது சூடாகியது. "நான்தாங்க," என்றாள். "வீட்டுல சண்டை வராம இருக்கணும்னு."

டாக்டர் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் நோயாளியின் காலைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுபோனது. "கேளுங்கம்மா. பயிற்சி பண்றப்போதான் தசை, எனக்கு வேணும் வேணும்னு கேக்கும். கேக்குறப்போ குடுத்தா எடுத்துக் கட்டும். நீங்க கேக்குற அன்னைக்குப் பட்டினி போட்டுட்டு, அது சும்மா கிடக்குற அன்னைக்கு ஊட்டிவிட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா நடக்கணும். பயிற்சி முடிஞ்சு மூச்சு அடங்கினதும் மாவு. மத்த நாள்லயும் சாப்பாடு குறையக் கூடாது. படுக்க வேணாம், வீட்டுக்குள்ளயாவது நடக்கட்டும். அவ்வளவுதான்." வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது மேலிடம்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆக, சண்டை போட்டிருந்தா பிழைச்சிருப்பேன்."

அன்றைக்கு மத்தியானம் டெய்லரம்மா ஒரு வீட்டுக்காரருக்காக நீளத் திரைச்சீலை ஒன்றை மடித்து அடித்துக்கொண்டிருந்தாள். மனம் வேலையில் இல்லை. தன் சாமர்த்தியப் பஞ்சாயத்து திரும்பத் திரும்ப வந்து கன்னத்தில் அறைந்தது. மெஷின் ஓடியது, துணி நகர்ந்தது, ஊசி பழக்கமான சத்தத்தோடு இறங்கி ஏறியது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடித்து முடித்துத் துணியைத் தூக்கினபோது மடிப்பு பப்பரப்பா என்று விரிந்துகொண்டது. மேல் நூலைக் கீழிருந்து பூட்டுகிற பாபினில், அந்தச் சின்ன நூலுருளையில், நூல் எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. தொழிலில் இருக்கிற எவருக்கும் நேர்வதுதான். எரிச்சலோடு பாபினைச் சுற்றி மறுபடி அடிப்பார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மேல் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் மொத்தமும் கையோடு வந்தது. துணியில் வரிசையாக ஓட்டைகள் மட்டும் இருந்தன. மெஷின் ஓடியிருக்கிறது, ஊசி குத்தியிருக்கிறது, தையல் மட்டும் இல்லை.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டைகளைக் காட்டினாள், காலி பாபினை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நூல் மட்டும் ஓடினால் தையல் விழாது என்பது மருந்துக்கடை கவுன்டரில் நின்றவளுக்குப் புரியாமல் இருக்குமா. வேறு யாரையோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்போ அவரை நான் படுக்கப்போட்டே அனுப்பிட்டேனா?"

அண்ணியின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, இரண்டு வருஷம் படுக்கையில் இருந்து போனவர். அண்ணி அவரை ஒரு விரலைக்கூட அசைக்க விடாமல் பார்த்துக்கொண்டாள் என்று சொந்தபந்தமெல்லாம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும்.

"அவருக்கு வந்தது வேற அண்ணி," என்றாள் டெய்லரம்மா. "அன்னைக்கு எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க."

"நானும்தான் சொன்னேன். கவுன்டர்ல நின்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்." அவள் பாபினை மேஜைமேல் வைத்தாள். முழங்காலில் கையை ஊன்றி, அப்பாடி என்று எழுந்து, முகம் கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லரம்மாவுக்கு அழுகை வந்தது. போய்க் கதவைத் தட்டலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த முன்னறை ஒரு பட்டறை மாதிரி ஆகிவிட்டது. ஒரு மூலையில் தையல் மெஷின், நடுவில் நாற்காலி. மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் விசிலை ஊதாமல் பல்லில் கடித்துக்கொண்டு எண்ணுவாள். அண்ணி பால் டம்ளரோடு வாசற்படியில் நிற்பாள், முடிந்த கணமே நீட்டுவதற்கு. முதலில் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "உன் டிரெய்னர் முடிச்சாச்சான்னு கேளுடா" என்பாள் அண்ணி தம்பியிடம். ஒரு நாள் மகள் எண்ணிக்கையைத் தவறவிட்டபோது அண்ணி எடுத்துக்கொடுத்தாள். மகள் பள்ளிக்கூட வேலையாக ஊருக்குப் போன ஒரு வாரம் அண்ணியே எண்ணினாள். தம்பி துணைக்கு ஆள் இல்லாமல் சோம்பினான் என்று எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, அவளும் உட்கார்ந்து எழுந்தாள். கை ஊன்றித்தான், அப்பாடியோடுதான். "சும்மா, அவனுக்கு ஒரு இதுக்கு" என்றாள். மாவையும் ஒரு டம்ளர் தனக்குக் கலந்துகொண்டாள், ருசி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானாம். மகள் திரும்பி வந்தபிறகும் அந்த இரண்டாவது நாற்காலியை யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

சில வாரங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாதோ என்னவோ. பிறகு ஒரு சாயங்காலம் டெய்லரம்மா ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தபோது, மடியில் சுருட்டி வைத்திருந்த டேப் நழுவி விழுந்து உருண்டு அறைக்கு அந்தப் பக்கம் போனது. அவர் ஜன்னல் வழியே கிரேனைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டை நிறுத்தாமலே எழுந்தார், இரண்டடி வைத்தார், குனிந்தார், டேப்பை எடுத்து அவளிடம் நீட்டினார். எழுந்தபோது ஒரு கையில் டீ டம்ளர் இருந்தது. இன்னொரு கை ஜன்னல் பக்கம் நீண்டு அந்தப் பையனின் தப்பைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கைகளை அவர் தொடவே இல்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. டெய்லரம்மா டேப்பை வாங்கிக்கொண்டாள். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்பதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். 

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலை அவர் மணல் பையைக் கட்டிக் காலை நீட்டியபோது அவள் வேலையை விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்காலுக்கு மேலே, தோலுக்கு அடியில் ஏதோ புரண்டு எழுந்து நின்றது. கால் இறங்கியதும் அடங்கியது. மறுபடி நீட்டினார், மறுபடி எழுந்தது. அவள் கையை வைத்தாள். விறகுக் கட்டை மாதிரி இருந்தது, ஆனால் சூடாக. வாழ்நாள் முழுக்கத் துணியோடு கிடந்தவள் அவள். துணியில் நைந்தது நைந்ததுதான். ஒட்டுப் போடலாம், ஊடு நூல் கொடுக்கலாம், தானாக அது வளர்ந்து அவள் பார்த்ததில்லை. ஐம்பது தாண்டிய மனிதருக்கு, சாவு வாசல்வரை போய்த் திரும்பிய உடம்புக்கு, தொங்கிப்போன தோலுக்கு உள்ளே யாரும் பார்க்காத இடத்தில் இராப்பகலாக வேலை நடந்திருக்கிறது. ஒரு டம்ளர் மாவு, ஒரு குளிகை, கொஞ்சம் வலி. இதிலிருந்து ஒரு காலா? இதை யார் தைக்கிறார்கள்? கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. அண்ணியும் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை டப்பா வித்திருக்கேன்," என்றாள் மெதுவாக. "உள்ள போயி இதைத்தான் பண்ணுதுன்னு ஒருநாளும் பாத்ததில்லை."

மழை போய், குளிர் போய், வெயில் ஏறியது. கால்சட்டையை இப்போது பிரித்துவிட வேண்டியிருந்தது. மூன்று பிடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இடுப்பு சரியாக நின்றது. தொடை ஏறவில்லை. அவருக்கு அது பழைய அளவு, நோய்க்கு முந்தைய அளவு, அது பத்தவில்லை. டேப்பை வைத்து மறுபடி அளந்து பார்த்தாள், தன் கண்ணையே நம்பாமல். உட்கார்ந்தே வேலை பார்த்த மனிதருக்கு வாலிபத்திலும் இந்தத் தொடை இருந்ததில்லை. கடைசியில், முதன்முதலில் தைத்தபோது உள்ளே விட்டிருந்த துணியையே பிரித்துவிட்டாள். அது வெயிலே பார்க்காத துணி. வெளுத்துப்போன நீலத்துக்கு நடுவே இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குக் கருநீலக் கோடு, கடையில் வாங்கிய அன்றிருந்த நிறத்தில் ஓடியது. "பேண்டுவாத்தியக்காரன் மாதிரி இருக்கு" என்று அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே கண்ணாடி முன்னால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஏறிக்காட்டுகிற நாள் காலை எல்லோரும் போனார்கள். தலைக்குப் பெரிதான மஞ்சள் தொப்பியைக் கொடுத்துக் கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். டெய்லரம்மா இத்தனை வருஷத்தில் கிரேனை ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். அடியில் நின்று அண்ணாந்தபோது தொப்பி பின்னால் சரிந்து விழுந்தது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஏணி நேராக மேலே மேலே போய், நூல் மாதிரி மெலிந்து, கூண்டு இருக்கிற இடத்தில் காணாமல் போயிற்று. தினம் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு இந்த மனிதர் இதிலா ஏறிப் போனார், சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார்?  மேனேஜர் கையில் வாக்கிடாக்கி வைத்திருந்தார். வேலைக்காரர்கள் அங்கங்கே வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். "மேலிடம் கிளம்பிடுச்சுடோய்" என்று யாரோ ஒருவன் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

அவர் இடுப்பு பெல்டை மாட்டிக்கொண்டு, வீட்டார் பக்கம் திரும்பாமலே ஏறத் தொடங்கினார். அதிகம் தெரியவில்லை, சட்டங்களுக்கு நடுவே அந்தக் கருநீலக் கோடு இரண்டும் மாறி மாறி உயர்வதுதான் தெரிந்தது. ஏணிக்கு நடுவே இளைப்பாற வைத்திருந்த முதல் தட்டில் நின்றார், மூச்சு வாங்கினார், ஏறினார். அடுத்த தட்டு, அதற்கடுத்தது. மகள் விசிலைப் பல்லில் கடித்திருந்தாள், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அண்ணி கவிழ்த்துப்போட்டிருந்த சிமென்ட் வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இறங்கி வந்ததும் கொடுப்பதற்காகப் பாலும் மாவும் கலந்த பிளாஸ்க்கை ஒரு கையிலும் டம்ளரை இன்னொரு கையிலும் பிடித்திருந்தாள்.

கூண்டுக்குக் கொஞ்சம் கீழே கோடுகள் நின்றன. அங்கே தட்டு எதுவும் இல்லை. ஏணியின் நடுவில் நின்றுவிட்டார். மேனேஜர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார், பேசாமல் இறக்கினார். காற்று மேலே பலமாக இருக்க வேண்டும், சட்டை படபடத்தது. டெய்லரம்மா தன் தொடை இரண்டும் கல்லாய் இறுகியிருப்பதை உணர்ந்தாள், அவள்தான் அங்கே நிற்பதுபோல. போதும், இறங்கிடுங்க என்று கத்தலாம் என்று தோன்றியது. ஏறுங்க என்றும் தோன்றியது. 

பக்கத்தில் வாளி லேசாக நகர்ந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள். அண்ணி எழுந்து நின்றிருந்தாள். முகம் முழுவதும் மேலே இருந்தது, வாய் திறந்திருந்தது. ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் டம்ளர். இரண்டையும் நெஞ்சோடு பிடித்தபடி, எதையும் ஊன்றாமல், ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்திருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை. "தூக்குடா," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "காலைத் தூக்கு." வெகு உயரத்தில் ஒரு கருநீலக் கோடு மெல்ல மடங்கி, அடுத்த படிக்கு எழும்பத் தொடங்கியது.